கான்பூர்ல கட்டின ஆவ்ரோ, பெங்களூர்ல செஞ்ச டார்ட்

பழைய பிளேன் பத்தி பேச்சு வந்தா எல்லாரும் டகோட்டாவ சொல்லுவாங்க, இல்லன்னா ஏர் இந்தியாவோட கான்ஸ்டலேஷன் போட்டோவ ஷேர் பண்ணுவாங்க, ஆவ்ரோ 748 பேர யாரும் எடுக்கறதில்ல. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. ஏன்னா டகோட்டாவும் கான்ஸ்டலேஷனும் வெளிநாட்டுல செஞ்சு நாம வாங்கினது, ஆவ்ரோ நம்ம ஆளுங்க இங்கயே கட்டினது. மொத்தம் 89 பிளேன், 72 ஏர்ஃபோர்ஸுக்கு, 17 இந்தியன் ஏர்லைன்ஸுக்கு. உலகம் பூரா வந்த 748 எல்லாம் சேத்தாலே 380தான், அதுல கிட்டத்தட்ட கால்வாசி நம்ம கையில உருவானது.

பிறந்த கதை இங்கிலாந்துல. 1957ல அங்க அரசாங்கம் ராணுவ விமானத்துக்கான செலவ கடுமையா குறைச்சதும், குண்டு போடற விமானமா செஞ்சிட்டு இருந்த ஆவ்ரோ கம்பெனி பயணிகள் விமானம் பக்கம் திரும்புச்சு. உலகம் முழுக்க டகோட்டா எல்லாம் வயசாயிட்டு நின்னுது, அந்த எடத்துக்கு ஒரு பிளேன், சின்ன ரன்வே போதும், ரெண்டு டர்போபிராப் (ஜெட் மாதிரி டர்பைன் வெச்சு புரொப்பல்லர சுத்தற) இன்ஜின், 48 பேர் வரைக்கும் உக்காரலாம். 1960 ஜூன் 24 அன்னிக்கு முதல் தடவ பறந்துச்சு. ஆனா அதுக்குள்ளயே நம்மாளுங்க அத இங்கயே கட்ட லைசென்ஸ் வாங்கி கான்பூர் சக்கேரியில வேலைய ஆரம்பிச்சிட்டாங்க. ஏர் வைஸ் மார்ஷல் ஹர்ஜிந்தர் சிங்னு ஒருத்தர், மெக்கானிக்கா இருந்து மேல வந்தவரு, ஏர்ஃபோர்ஸோட பழைய ஷெட்டுங்கள வெச்சே ஆவ்ரோ கட்டற டிப்போவ அங்க உண்டாக்கினாரு. 1961 நவம்பர் 1, கான்பூர்ல கட்டின முதல் ஆவ்ரோ பறந்துச்சு, அதுக்கு பேரு சுப்ரோதோ, முந்தின வருஷம் இறந்துபோன, ஏர்ஃபோர்ஸோட முதல் இந்தியத் தலைவரான ஏர் மார்ஷல் சுப்ரோதோ முகர்ஜி ஞாபகமா. சுதந்திரம் கெடச்சு 14 வருஷம்தாங்க ஆகியிருந்துச்சு அப்ப! அத நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்கும்.

சரி இன்ஜினுக்கு வரேன், எனக்கு இதுல தனிப் பிரியம். ஓசூர் பக்கத்துல அப்பல்லாம் எச்ஏஎல் (அரசாங்கத்தோட விமானக் கம்பெனி ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) வேலைன்னா தனி மரியாத, எங்க பெரியப்பா பெங்களூர் இன்ஜின் டிவிஷன்ல ஃபிட்டரா இருந்தாரு, வீட்டுக்கு வந்தா பிளேன விட டார்ட் பத்திதான் பேசுவாரு. ஆவ்ரோவோட இன்ஜின்தான் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட், அத செய்யற லைசென்ஸும் நம்மகிட்ட இருந்துச்சு. உள்ள காத்த அழுத்தறதுக்கு ரெண்டு சக்கரம், அதுக்குப் பின்னாடி எரியறதுக்கு ஏழு கேன். ஃபுல் பவர்ல உள்ள நிமிஷத்துக்கு 15,000 சுத்து, ஆனா புரொப்பல்லர் அந்த வேகத்துல சுத்தினா அதோட நுனி சத்தத்தோட வேகத்தயே தாண்டிடும், அதனால கியர் போட்டு 1,400க்கு இறக்குவாங்க. அந்த கீச்சுன்னு காத துளைக்கிற சத்தம் இருக்கே, தூரத்துல கேட்டாலே டார்ட்டுன்னு சொல்லிடலாமாம். வெயில் காலத்துல, பெங்களூர் மாதிரி 3,000 அடி உசரத்துல இருக்கற ஊர்ல காத்து மெலிசா இருக்கும், இன்ஜின் தெணறும், அதுக்கு டேக் ஆஃப் சமயத்துல தண்ணியும் மெத்தனாலும் கலந்து உள்ள பீச்சுவாங்க. "அப்ப இந்தியன் ஏர்லைன்ஸ்ல வைக்கவுன்ட்டு, ஃபோக்கர், ஆவ்ரோ மூணுக்கும் டார்ட்தாண்டா தம்பி, நாங்க வேல செய்யலன்னா மூணும் நிக்கும்"னு பெரியப்பா சொல்லும்போது அவரு முகத்துல ஒரு பெருமை தெரியும் பாருங்க.

ஃபோக்கர்ல றெக்க மேல இருக்கும், ஜன்னல்ல ஊரெல்லாம் தெரியும். ஆவ்ரோல றெக்க கீழ, 12 அடி புரொப்பல்லர் தரையில தட்டக்கூடாதுன்னு இன்ஜின றெக்கைக்கு மேல தூக்கி வெச்சிருப்பாங்க, பாக்க கொஞ்சம் தோள தூக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் அழகு. போயிங் 737 வந்தப்புறம் பெரிய ரூட் எல்லாம் ஜெட்டுக்குப் போயிடுச்சு, ஆவ்ரோ சின்ன ஊருங்களுக்கு ஓடுச்சு. ஏர்ஃபோர்ஸ்ல விஐபி, சரக்கு, பைலட் டிரெய்னிங் எல்லாத்துக்கும் அதுதான்.

துக்கமும் இருக்கு. 1971 டிசம்பர்ல திருவனந்தபுரத்துல இருந்து மதுரைக்கு வந்த ஆவ்ரோ சின்னமனூர் பக்கம் மலையில மோதுச்சு. அப்புறம் 1999 ஜனவரி 11, அரக்கோணம். முதுகு மேல பெரிய ரேடார் தட்டு வெச்ச ஆவ்ரோ, வானத்துல இருந்தே எதிரி விமானத்த கண்டுபிடிக்கறதுக்காக நம்ம விஞ்ஞானிங்க செஞ்ச ஆராய்ச்சி, சோதனையில விழுந்து எட்டு பேரும் போயிட்டாங்க. அந்தத் திட்டமும் அதோட நின்னுச்சு. இவங்கள பத்தி ஸ்கூல் புஸ்தகத்துல ஒரு பாராவாவது வரணுங்க.

கான்பூர்ல ஆவ்ரோ கட்டறது நின்னப்புறம் அங்கயே டார்னியர் 228 கட்டினோம், நல்ல பிளேன், ஆனா 19 சீட்டு. ஆவ்ரோ சைஸ்ல திரும்ப ஒண்ணு கட்ட நமக்கு எத்தன வருஷம் ஆச்சு பாருங்க. 2021ல ஏர்ஃபோர்ஸ் ஆவ்ரோவுக்கு பதிலா 56 சி-295 சரக்கு விமானம் ஆர்டர் குடுத்து, அதுல 40 வடோதராவுல கட்டறதுன்னு முடிவாகி, அந்தத் தொழிற்சாலை 2024 அக்டோபர்லதான் தெறந்தாங்க. கத்துக்கிட்ட கை ரிட்டயர் ஆகி, அடுத்த தலைமுறைக்கு சொல்லிக்குடுக்க ஆளில்லாம போனப்புறம் மறுபடி முதல்ல இருந்து தொடங்கறோம். இது சரியில்ல, இத நான் கோவமாவே சொல்றேன்.

ஓசூருக்கு 2,000 ஏக்கர்ல ஏர்போர்ட்டுன்னு அறிவிச்சிருக்காங்க. வரட்டும், வரணும். வந்தா வாசல்ல ஒரு ரிட்டயர் ஆன ஆவ்ரோவும், பக்கத்துல பாதி வெட்டி உள்ள தெரியற மாதிரி ஒரு டார்ட்டும் வெக்கணும், கூடவே அதுல வேல செஞ்ச கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆளுங்க பேரையும் எழுதணும். எங்க எம்எல்ஏ ஆபீசுக்கு இதயே மனுவா எழுதி வெச்சிருக்கேன், ஊர்ல எச்ஏஎல்ல இருந்த பெரியவங்க யாராவது இருந்தா அவங்க கையெழுத்தும் சேத்து குடுக்கலாம்னு பாக்கறேன்.