முட்டை விலைக் குறிப்புகள்: கார்த்திகை, மார்கழி

2025 நவம்பர் 24

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் ஆகிறது. மாலை போட்டவர்கள் வீட்டில் முட்டை கிடையாது என்பதால் வழக்கமாக விலை சற்றுத் தணியும் காலம் இது. இந்த வருடம் நாமக்கல் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. வடக்கே குளிர் தொடங்கியதும் அங்கே முட்டை கூடுதலாகப் போகும். ஹைதராபாத்திலும் ஹரியானாவின் பர்வாலாவிலும் ஏறினால் நாமக்கல்லும் பின்னாலேயே ஏறும்.

பேப்பரில் வருவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணை வாசல் விலை. அதைக் காட்டிக் கடைக்காரரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. லாரி வாடகை, ஏற்று இறக்கு கூலி, வழியில் உடைவது, மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று ஒவ்வொரு கையும் சில பைசா சேர்க்கும். பண்ணையில் 6 ரூபாய் என்றால் சென்னையில் 7 சரி. 8 சொன்னால் அடுத்த கடையையும் விசாரிக்கலாம். வியாபாரிகள் பண்ணையில் அறிவிப்பு விலையிலிருந்து ஒரு தொகையை 'மைனஸ்' என்று கழித்து வாங்கும் வழக்கமும் உண்டு. முட்டை தேங்கினால் மைனஸ் பெருகும், தட்டுப்பாடு வந்தால் சுருங்கும். அறிவிப்பு விலை அப்படியே இருந்தும் கடையில் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நவம்பர் 29

"தீவனம் ஏறிவிட்டது" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முட்டைக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். 100 கோழிக்கு 11 கிலோ. அவை இடுவது 83 முட்டை என்று வைத்தால் முட்டைக்கு 132 கிராம். தீவனத்தில் பாதி மக்காச்சோளம். மீதி சோயாப் புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்கல். மக்காச்சோளம் கிலோவுக்கு 2 ரூபாய் ஏறினால் தீவனம் கிலோவுக்கு 1 ரூபாய் ஏறும். முட்டைக்கு வெறும் 13 பைசா.

எத்தனால் ஆலைகளும் மக்காச்சோளத்துக்குப் போட்டிக்கு வந்தபிறகு தீவனச் செலவு கூடியது உண்மைதான். ஆனால் சில வாரங்களில் முக்கால் ரூபாய், ஒரு ரூபாய் ஏறுவதற்குத் தீவனத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அந்த ஏற்றம் கூண்டில் இருக்கும் கோழி எண்ணிக்கையையும் வாங்க வரும் ஆளையும் பொறுத்தது. விலை படுத்த காலத்தில் பண்ணைக்காரர் கிழட்டுக் கோழியைச் சீக்கிரம் கழிப்பார், குஞ்சும் குறைவாக இறக்குவார். அதன் விளைவு மாதங்கள் கழித்துத்தான் கடையில் தெரியும்.

டிசம்பர் 7

சிறு முட்டை 6, நடுத்தரம் 7 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் சிறியதை நோக்கித்தான் கை போகும். தராசில் வையுங்கள். 55 கிராம் முட்டை 7 ரூபாய் என்றால் கிராமுக்கு 12.7 பைசா. 45 கிராம் 6 ரூபாய் என்றால் 13.3. மலிவு பெரியதில்தான். அட்டையாக வாங்கும்போது 30 முட்டையையும் நிறுத்து, காலி அட்டையின் எடையைக் கழியுங்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே வந்தால் சராசரி 50 கிராமுக்கும் குறைவு. விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

பழுப்பு ஓட்டுக்காக இரட்டை விலை கொடுப்பது வீண். ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. கூண்டில் வளரும் பழுப்பு முட்டைக் கோழியும் உண்டு, அதன் முட்டையையே நாட்டு முட்டை என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு.

டிசம்பர் 14

விலை ஏறும் என்று மூன்று நான்கு அட்டை வாங்கி அடுக்குகிறார்கள். பிரிட்ஜில் இடமிருந்தால் சரி: நான்கு வாரம் தாங்கும். வெளியில் வைத்தால், சென்னை வெயிலில் ஒரு வாரத்துக்குமேல் நம்ப வேண்டாம்.

கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. கழுவினால் அது போய், நுண்துளைகள் வழியே ஈரமும் கிருமியும் உள்ளே இறங்கும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்துணியால் துடைத்து, சமைக்கும் முன் கழுவினால் போதும். கூர்முனை கீழே இருக்கட்டும். காற்றறை அகன்ற முனையில் இருக்கிறது, அது மேலே இருந்தால் மஞ்சள் கரு ஓட்டில் ஒட்டாது. பிரிட்ஜ் கதவு வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடேறும். உள் தட்டே நல்லது.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பது வயதைத்தான் சொல்லும். ஈரம் வெளியேற வெளியேறக் காற்றறை பெருக்கும், முட்டை எழும்பும். நிமிர்ந்து நின்றால் பழசு, சமைக்கலாம். மிதந்தால் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பார்க்க வேண்டும். குழம்புச் சட்டிக்கு மேலே வைத்து உடைப்பவர்கள் குழம்பையும் சேர்த்து இழப்பார்கள்.

கீறல் முட்டை மலிவாகக் கிடைக்கும். உள்சவ்வு கிழியாமல், ஒழுகாமல் இருந்தால் மட்டும் வாங்கி, அன்றே முழுதாக வேகவைத்துவிடுங்கள். ஆஃப்பாயில், கலக்கி இரண்டுக்கும் அது ஆகாது.

டிசம்பர் 22

நாமக்கல் பண்ணை விலை 6.25 ரூபாயையும் தாண்டியாயிற்று. கிறிஸ்துமஸ் கேக்குக்கு பேக்கரிகள் எடுப்பது இந்த வாரத்தோடு ஓயும். அதற்காகப் பொங்கலுக்குள் பெரிய சரிவு வரும் என்று எண்ண வேண்டாம். இன்று குஞ்சு இறக்கினாலும் முட்டையிட 18 முதல் 20 வாரம் ஆகும், அதாவது மே மாதம். அப்போது வெயிலில் கோழி தீவனம் குறைத்துத் தின்னும். முட்டை சிறுக்கும், ஓடும் மெலியும்.

அதுவரை முருங்கைக்கீரைப் பொரியல் போல முட்டையைக் கூட்டாளியாக்கும் சமையல் கைகொடுக்கும். இரண்டு கைப்பிடி கீரை, ஒரு பெரிய வெங்காயம், இரண்டு முட்டை: நாலு பேருக்குத் தொட்டுக்கொள்ளப் போதும். கீரையின் தண்ணீர் வற்றியபின் முட்டையை ஊற்றுங்கள். முன்னமே ஊற்றினால் உதிராமல் களியாகிவிடும்.