பன்னீர் தெளிச்ச ரோபோவும் தூணுக்குப் பின்னாடி நின்ன பயலும்

போன வாரம் மதுரையில திருநகர் பக்கம் ஒரு மண்டபத்துல சித்தப்பா மகளுக்கு ரிசப்ஷன். வழக்கமா வாசல்ல பட்டுப்பாவாடை கட்டுன சின்னப்புள்ளைக ரெண்டு பன்னீர்ச்செம்போட நிக்கும்ல, அந்த இடத்துல ஒரு வெள்ளை ரோபோ நிக்குது, கண்ணு நீலமா மின்னுது, "வணக்கம் பாட்டி, சாப்ட்டுத்தான் போகணும்"ங்குது. எங்க அப்பத்தா பதிலுக்குக் கும்பிட்டு "நல்லா இருக்கியா ஆத்தா"ன்னு வேற கேட்டுச்சு.

எல்லாம் கொஞ்ச நேரந்தான். கார்ப்பெட் ஓரம் லேசா மடங்கியிருந்துச்சு, அதுல சக்கரம் ஏற மாட்டேன்னு நின்னு ஒரு ஆட்டு ஆட்டுச்சு பாருங்க, பன்னீர் மொத்தமும் மாமா சட்டையில. அப்பத்தான் கவனிச்சேன், தூணுக்குப் பின்னாடி ஒரு பய ரிமோட்டோட நிக்கிறான், மைக்கும் அவன்ட்டதான். அப்பத்தாகிட்ட பேசுனதே இவந்தான்!

நம்ம ஊரு கூத்துன்னு சிரிச்சுட்டு விட்டுற முடியல. 2024 அக்டோபர்ல டெஸ்லா விழாவுல ஆப்டிமஸ் ரோபோ டிரிங்க்ஸ் ஊத்திக் குடுத்து அரட்டை அடிச்சுச்சே, அதையும் பின்னாடி இருந்து மனுசங்கதான் இயக்குனாங்க. 2025ல 1எக்ஸ் கம்பெனி நியோன்னு ஒண்ண வீட்டு வேலைக்குன்னு 20,000 டாலருக்கு புக்கிங் போட்டாங்க, அதுக்குத் தெரியாத வேலைய கம்பெனி ஆளு ஒருத்தரு அதோட கேமரா வழியா பாத்து தூரத்துல இருந்தே செஞ்சு குடுப்பாராம். 17 லட்சத்தக் குடுத்து நம்ம அடுப்படிய ஊரான் பாக்க வைக்கிறதா?

காலு தேறிருச்சு, அத ஒத்துக்கணும். 2000ல ஹோண்டா அசிமோ நடந்ததே பெரிய அதிசயம், 2015ல அமெரிக்காவுல டார்பாங்குற ராணுவ ஆராய்ச்சி அமைப்பு வச்ச போட்டியில கதவத் தொறக்கப் போன ரோபோக்கள் பொத்து பொத்துன்னு விழுந்துச்சுக, இப்ப சீனாக்காரய்ங்க ரோபோ யூனிட்ரீ ஜி1 குங்பூ எல்லாம் காட்டுது. ஆனா நான் இன்வெர்ட்டர் பேட்டரி சர்வீஸ் பாக்குறவன், என் கண்ணு வேற எங்க போகும், அதுக்கு பேக்கப்பு ரெண்டு மணி நேரந்தான். 2025 ஏப்ரல்ல பெய்ஜிங்ல ரோபோக்களுக்கு 21 கிலோமீட்டர் ஓட்டம் வச்சாங்க, 21 ரோபோ கிளம்பி ஆறுதான் முடிச்சுச்சு, ஜெயிச்ச டியன்கோங் 2 மணி 40 நிமிசம் எடுத்துக்கிச்சு, நடுவுல மூணு தடவை பேட்டரி மாத்தியிருக்காங்க.

கைதான் வம்பு. வில்லாபுரத்துல எங்க அத்தை பூக்கட்டும், மாட்டுத்தாவணியில வாங்குன மொட்ட மடியில கொட்டிக்கிட்டு, நனைச்ச வாழைநார்ல ரெண்டு மொட்டு இங்கிட்டு ரெண்டு மொட்டு அங்கிட்டுன்னு வச்சு ஒரு சுத்து, ஒரு இழுப்பு, முடிச்சு விழுந்துரும். கண்ணு பூராம் சீரியல்லதான். இழுப்பு கூடுனா காம்பு அறுந்துரும், கொறைஞ்சா சரம் உருவிக்கிட்டு வந்துரும், அந்த அளவு விரல் நுனியில இருக்கு, கேட்டா அதுக்கே சொல்லத் தெரியாது. கம்ப்யூட்டர செக்கர்ஸ் மாதிரி ஆட்டம் ஆட வைக்கிறது சுளுவு, ஒரு வயசுப் புள்ளை பாத்து உணர்ந்து நகர்ற பழக்கத்தக் கொண்டார்றதுதான் கஷ்டம்னு ரோபோ ஆராய்ச்சிக்காரரு மொராவெக் 1988லயே எழுதிட்டாரு. வீடியோவுல துணி மடிக்கிறதப் பாத்து நான் ஏமாற மாட்டேன், ஒரு முழம் மல்லி கட்டட்டும் மொதல்ல.

உருப்படியா ஓடுறதும் இருக்கு. டிஜிட்டுன்னு ஒரு ரோபோ அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல ஒரு குடோன்ல பிளாஸ்டிக் டப்பாவத் தூக்கி பெல்ட்டுல வைக்குது, அதான் அதுக்கு வேலையே, அஞ்சு விரலெல்லாம் கெடையாது. அதவிட எனக்குப் பிடிச்சது நம்ம பக்கத்துக் கேரளாக்காரய்ங்க 2018ல கொண்டாந்த பேண்டிகூட், பாதாள சாக்கடைக்குள்ள ஆளு எறங்காம அடைப்பெடுக்கும். மூஞ்சியும் கெடையாது, வணக்கமும் சொல்லாது. நம்ம ஊருக்கு மொதல்ல அதுல நாலு வரட்டும்யா, வாசல்ல பன்னீர் தெளிக்கிறத புள்ளைகளே பாத்துக்கும்.

ராத்திரி பதினோரு மணிக்கு வெளிய வந்தா அந்தப் பய இன்னும் மூணு பேரோட ரோபோவத் தூக்கி குட்டியானையில ஏத்திக்கிட்டிருக்கான். "சார்ஜே நிக்க மாட்டேங்குதுண்ணே, காலைல மேலூர்ல ஒரு சடங்கு வீடு இருக்கு"ன்னான். முதுகு மூடியக் கழட்டச் சொல்லிப் பாத்தேன், பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பூத்துக் கெடக்கு. மண்டபத்துலயே சுடுதண்ணி வாங்கி ஊத்திச் சொரண்டி, நட்ட முறுக்கி, காசெல்லாம் வேணாம் தம்பின்னு கார்டு ஒண்ணு குடுத்துட்டு வந்தேன்.