ஐந்தரை நிமிடம், ஏழரை நிமிடம்

ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஆண்கள் 5 நிமிடம் 30 விநாடிக்குள் வந்து சேர வேண்டும். ராணுவ போலீஸுக்குப் போகும் பெண்களுக்கு முதல் பிரிவே 7 நிமிடம் 30 விநாடி. எட்டு நிமிடத்தைத் தாண்டினால்தான் வெளியே அனுப்புவார்கள். இந்த இரண்டு நிமிடத்தை வைத்து எங்கள் கிரவுண்டில் நடக்கிற சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

நான் வேலூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பி.டி. மிஸ். பிசிக்கலுக்கு, அதாவது உடல்தகுதித் தேர்வுக்கு, தயாராகும் பிள்ளைகள் பள்ளி திறக்கும் முன்பே எங்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். பையன்கள் நிறைய, பெண் பிள்ளைகள் கொஞ்சம். இந்தப் பக்கத்துக்கு ராணுவம் புதிதல்ல. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. என் அப்பாவும் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்தான்.

"அவங்களுக்கு ரெண்டு நிமிஷம் சும்மா குடுக்கறாங்க மிஸ்" என்பது பையன்களின் நிரந்தரப் புகார். அதை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மைல் என்பது 1,609 மீட்டர், கிட்டத்தட்ட இதே தூரம். ஆண்கள் உலக சாதனை 1999-இல் எல் கெரூஜ் ஓடிய 3 நிமிடம் 43.13 விநாடி. பெண்கள் சாதனை 2023-இல் ஃபெய்த் கிப்யேகோன் ஓடிய 4 நிமிடம் 7.64 விநாடி. வித்தியாசம் சுமார் 11 சதவீதம். நம் ஆள்சேர்ப்பில் இருக்கிற வித்தியாசமோ 36 சதவீதம். உலக சாதனையை வைத்து ஊர்ப் பிள்ளைகளை அளக்கக் கூடாது, சரி. ஆனாலும் மூன்று மடங்குக்கு மேல் இடைவெளி விழுவதற்கு உடம்பு மட்டுமே காரணம் என்றால் என்னால் நம்ப முடியவில்லை.

பையன் பத்து வயதிலிருந்து தெருவில் ஓடிக்கொண்டே இருக்கிறான். விடியற்காலையில் பைபாஸ் ஓரம் தனியாக ஓடினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெண் பிள்ளை ஏழாவது, எட்டாவதில் ஓட்டத்தை நிறுத்தியவள், பிளஸ் டூ முடித்துவிட்டு மறுபடி தொடங்குகிறாள். அதுவும் கூட யாராவது வந்தால்தான். எங்கள் மைதானத்தில் ஓர் அம்மா தினமும் மகளுடன் வந்து, ஸ்வெட்டரும் மஃப்ளருமாகப் படிக்கட்டில் உட்கார்ந்து ரவுண்டு எண்ணுவார். ஒரு ரவுண்டு குறைத்துச் சொல்லித் தப்பிக்கலாம் என்ற பேச்சே அவரிடம் நடக்காது. என்னைவிடக் கறார். ஏழரை நிமிடம் என்பது இப்படித் தாமதமாக மைதானத்துக்கு வந்தவளுக்கு வைத்த அளவு. பெண்ணின் உடம்பால் முடிகிற அளவு என்று அதைப் படிப்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. மாநிலக் காவலர் தேர்வு இன்னும் ஒரு படி மேலே போய், ஆண்களுக்கு 1,500 மீட்டரும் பெண்களுக்கு 400 மீட்டரும் வைத்திருக்கிறது. என் பிள்ளைகளிடம் ஏழரையை மறந்துவிடச் சொல்கிறேன். 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 100 விநாடி. நாலு ரவுண்டு சேர்த்தால் ஆறு நிமிடம் நாற்பது.

ஓட்டத்தைவிட எனக்குப் பெரிய வருத்தம் பீமில், அதாவது கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிற புல்-அப்ஸில், இருக்கிறது. ஆண்கள் பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40 மதிப்பெண், ஆறு எடுத்தால் 16. பெண்கள் பட்டியலில் பீமே கிடையாது. பத்தடி நீளம் தாண்டுதல், மூன்றடி உயரம் தாண்டுதல், அவ்வளவுதான். (பையன்கள் தாண்டுவது ஒன்பதடிப் பள்ளம். இரண்டும் வேறு வேறு சோதனை என்றாலும், எங்களுக்கு ஒரு அடி அதிகம் என்று பெண்கள் இதை அடிக்கடி சொல்லிக்காட்டுவார்கள்.) 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி தருகிற நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போகிறவர்களிடம் மட்டும் வேறு மாதிரி கேட்கிறார்கள். ஷார்ட் சர்வீஸ் (குறுகிய கால அதிகாரிப் பணி) அறிவிப்புகளில் ஆணுக்கு ஆறு புல்-அப்ஸ், பெண்ணுக்கு இரண்டு என்று போட்டிருக்கும். இரண்டு என்றாலும் கேட்கிறார்களே, அதுதான் வேண்டும்.

தோள், கை பலத்தில் ஆண் பெண் வித்தியாசம் நிஜமாகவே பெரியது. கால் பலத்தில் அந்த அளவுக்கு இல்லை. அமெரிக்க மரைன் படையில் பெண்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கி நின்றால் போதும் என்றிருந்ததை மாற்றி, 2014 தொடக்கத்திலிருந்து குறைந்தது மூன்று புல்-அப்ஸ் என்று வைக்கப் பார்த்தார்கள். அதற்கு முன் பயிற்சி முகாமில் சோதித்தபோது பாதிக்கு மேற்பட்ட பெண்களால் மூன்று எடுக்க முடியவில்லை. திட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். உடனே 'பார்த்தீர்களா' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மீதிப் பெண்கள் எடுத்தார்கள் என்பதை அந்தக் கூட்டம் பேசவேயில்லை. முகாமின் சில வாரங்களில் புல்-அப்ஸ் வந்துவிடாது, மாதக்கணக்கில் பிடிக்கும்.

எப்படி வரும் என்று பல பிள்ளைகள் கேட்பதால் சொல்கிறேன். கீழிருந்து மேலே இழுக்கப் பார்த்தால் முதலில் ஒன்றும் நடக்காது, அவமானம்தான் மிஞ்சும். பெஞ்ச் மேல் ஏறி, தாடை கம்பிக்கு மேல் இருக்கும்படி பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு மெதுவாக இறங்க வேண்டும். ஐந்து எண்ணும் வரை. பால்காரர் மகள் ஒருத்தி ஆரம்பத்தில் இரண்டு எண்ணுவதற்குள் தொப்பென்று விழுவாள். எங்கள் கம்பி சாதாரண ஜி.ஐ. பைப், பனியில் வழுக்கும், துணியால் துடைத்துத் துடைத்துப் பிடிக்க வேண்டும். விரல் அடியில் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. இறங்குவது ஏழு, எட்டு எண்ணிக்கைக்கு நீண்ட பிறகு ஒருநாள் பெஞ்ச் இல்லாமல் ஏறினாள். இப்போது நான்கு எடுக்கிறாள். அவள் எழுதுகிற தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. பட்டியலில் இல்லாததை எதற்கு மிஸ் செய்ய வேண்டும் என்று மற்ற பிள்ளைகள் கேட்கும்போது என்ன சொல்வது?

அப்பாவிடம் இதைப் பேசினால் அவர் ஒரே கேள்வியில் நிறுத்துவார்: "பொண்ணு கைக்குப் போனா ரைஃபிள் வெயிட் குறையுமா?" குறையாதுதான். அதனால்தான் இரண்டு விதச் சோதனையைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒருவர் தன் உடம்பை ஒழுங்காக வைத்திருக்கிறாரா என்று பார்ப்பது ஒன்று. அதற்கு வயது பார்க்கிறோம், ஆண் பெண் பார்ப்பதிலும் தப்பில்லை. காயம்பட்டவரை இழுத்துவர முடியுமா என்று பார்ப்பது இன்னொன்று. அதில் யாருக்கும் சலுகை வேண்டாம்.

அமெரிக்கத் தரைப்படை இதில் பல வருடம் தடுமாறியது. எல்லோருக்கும் ஒரே அளவு என்று புதுத் தேர்வைக் கொண்டுவந்து, 2022-இல் வயது, பால் பார்த்து மதிப்பெண் என்று திரும்பினார்கள். 2015-இல் அந்தப் படையின் கடினமான ரேஞ்சர் பயிற்சியை முடித்த முதல் இரண்டு பெண்களில் ஒருவரான கிறிஸ்டன் கிரீஸ்ட், போர்ப் பிரிவுகளில் பெண்களுக்கு அளவைக் குறைக்காதீர்கள் என்று 2021-இலேயே எழுதினார். ஆண்களுக்கு வைத்த அதே சோதனைகளைத் தாண்டியவர் சொன்னது. 2025-இல் ஒருவழியாகப் பிரித்தார்கள்: நேரடிப் போர்ப் பணிகளுக்கு ஆண் பெண் எல்லோருக்கும் 500-க்கு 350, மற்றப் பணிகளுக்கு வயதும் பாலும் பார்த்து. என்னைக் கேட்டால் இது சரி.

ஆனால் 'ஒரே அளவு' என்பதை மூளையில்லாமல் செய்தால் எலும்பு முறியும். பிரிட்டிஷ் விமானப்படையில் குள்ளமான பெண்களையும் ஆண்களோடு 30 அங்குலக் காலடி வைத்து அணிவகுக்க வைத்ததில் இடுப்பெலும்பு பாதிக்கப்பட்டு, 2013-இல் மூன்று பேருக்கு இழப்பீடு கொடுத்தார்கள். காலடி நீளத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? நம் உச்ச நீதிமன்றமும் 2021 மார்ச்சில் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னது. நிரந்தரப் பணிக்கு ஷேப்-1 என்கிற ராணுவத்தின் முழு மருத்துவத் தகுதியை ஆண் அதிகாரிகள் பணியில் சேர்ந்த ஐந்தாம் அல்லது பத்தாம் வருடத்தில் காட்டினார்கள். அந்த வயதில் வாய்ப்பே கொடுக்கப்படாத பெண்களிடம் நாற்பது, ஐம்பது வயதில் அதே தகுதியைக் கேட்டார்கள். காகிதத்தில் ஒரே விதிதான்.

ராணுவ போலீஸ் பெண்களின் முதல் அணி, 83 பேர், 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்தது. இனி வரும் அறிவிப்புகளில் ஓட்டத்தை ஏழு நிமிடமாகக் குறைத்து, பீமை இரண்டில் தொடங்கி மதிப்பெண்ணோடு சேர்க்கலாம். என் பிள்ளைகள் சமாளிப்பார்கள். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. பழைய கம்பிக்குப் பக்கத்தில் தாழ்வாக இன்னொரு கம்பி போட ஹெச்.எம். சம்மதித்துவிட்டார், வெல்டரும் வந்து அளவு எடுத்துப் போயிருக்கிறார். அது ஏழாம் வகுப்புப் பெண்களுக்கு. பையன்கள் கேட்டால் அவர்களும் தொங்கட்டும்.