உள்பக்கத்தைக் காட்டு பிள்ளை

பழைய மாணவிகளின் இராவிருந்து மலருக்குப் பள்ளிக்கூட நினைவு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். விடுதிச் சாப்பாட்டையும் வலைப்பந்தையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் தையல் வகுப்பை எழுதுகிறேன். ஆனால் அதற்குக் கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மன்ரில் மூன்று குளிர்காலம் திறக்காமல் கிடந்த ஒரு பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்தவை பத்தொன்பது துணிச் சதுரங்கள். 2019இல் எங்கள் 1991 சாதாரணதரப் பிரிவு வட்ஸ்அப் குழுவில் அந்த யோசனையைப் போட்டது நான்தான். ஆளுக்கொரு சதுரம் தைத்து அனுப்புங்கோ, நான் பொருத்தி ஒரு குவில்ற் ஆக்குகிறேன், இராவிருந்தில் குலுக்கலுக்கு விட்டுப் பள்ளிக்கூட நூலகத்துக்குக் காசு சேர்ப்போம் என்றேன். குவில்ற் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே ஒட்டுத்துணிகளைப் பொருத்திய முகப்பு, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே ஒரே துணி. ஊரில் பிறந்த பிள்ளைக்கு அம்மம்மாவின் பழைய நூல்சேலையை நாலாய் மடித்து ஓட்டுத்தையல் போட்டு விரிப்போமே, அதற்குத் தூரத்துச் சொந்தம்.

வகுப்பில் தையலுக்குப் பரிசு வாங்கினவள் என்ற நினைப்பு எனக்கு. "12 அங்குலச் சதுரம்" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, எல்லாம் சொல்லியாயிற்று என்று இருந்துவிட்டேன்.

வந்தவற்றை அளந்து பார்த்தபோதுதான் வினை தெரிந்தது. குவில்றில் தையலுக்கு விடுவது கால் அங்குலம். பொருத்தி முடிந்தபின் 12 அங்குலம் தெரிய வேண்டுமென்றால் சதுரம் 12½ இருக்க வேண்டும். சிலர் அப்படித் தைத்திருந்தார்கள். சிலர் சரியாக 12. பாரிஸ்காரி 30 சென்ரிமீற்றர் வெட்டியிருந்தாள். அது 12 அங்குலத்துக்கும் குறைவு. லண்டனிலிருந்து வந்தது 'லொக் கபின்'. நடுவில் அடுப்பு நெருப்பு போல ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிச் சுற்றி ஒரு பாதியில் வெளிர் நிறப் பட்டிகளும் மறு பாதியில் கடும் நிறப் பட்டிகளுமாக அடுக்கும் பழைய அமெரிக்கக் கோலம். பார்க்க அத்தனை அழகு. ஆனால் பட்டி கூடக் கூடத் தையலும் கூடும், தையலுக்குத் தையல் பிழையும் ஏறும். ஒரு பக்கம் 11, மறு பக்கம் 11¼. நோர்வேக்காரி முக்கோணங்களைப் பொருத்தியிருந்தாள். சாய்வாக வெட்டிய ஓரம் றப்பர் போல இழுபடும் என்பதை மறந்து ஸ்திரிக்கைப்பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்த்திருக்கிறாள், சதுரம் 13¼க்கு வளர்ந்துவிட்டது. குவில்ற் துணியைத் தேய்க்கக் கூடாது. ஸ்திரிக்கைப்பெட்டியை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். சிட்னியிலிருந்து வந்த சிவப்புத் துணியோ ஈரம் பட்ட இடமெல்லாம் சாயம் விட்டது.

எனக்கு வந்தது கோபம். குழுவில் ஒன்றும் எழுதவில்லை. பெட்டியை மூடினேன். பிறகு கொரோனா வந்தது நல்ல சாட்டாகப் போயிற்று. அந்த நாட்களில் ஊரெல்லாம் முகக்கவசம் தைத்தது, நான் மெசினுக்கு உறைகூடக் கழற்றவில்லை. யாராவது "எடி, எங்கட குவில்ற் என்னாச்சு?" என்று கேட்டால், "கண்ணுக்குக் கண்ணாடி மாத்த வேணும்" என்பேன். உண்மை என்னவென்றால் தையல் என்று நினைத்தாலே அலுப்பாக இருந்தது. கடையில் நல்ல சீத்தைத்துணி கண்டாலும் கை போகாது. இருபது வருடமாக ஆசையோடு செய்த காரியம் ஒரு பெட்டிக்காக வெறுத்துப் போகும் என்று நான் எண்ணியிருக்கவில்லை.

இனித் தையல் வகுப்பு. 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்க யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எங்களுக்கு அது பரீட்சைக்கு முந்தின காலம். வகுப்பில் இருந்தவை காலால் மிதிக்கும் மெசின்கள், அவற்றுக்குக் கரண்ட் தேவையில்லை. வீட்டில் இரவில் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் பஞ்சு, அதில் நாலு சொட்டு மண்ணெண்ணெய். அந்த வெளிச்சத்தில் மாதிரிக் கொப்பிக்குக் காம்புத்தையலும் சங்கிலித்தையலும் போட்டோம். ஊசியில் நூல் கோர்க்கத் தங்கச்சியைக் கூப்பிடுவேன், அவளுக்குத்தான் கண் கூர்மை. எங்கள் தையல் ரீச்சர் நாங்கள் நீட்டியதை முன்பக்கம் பார்க்கவே மாட்டார். வாங்கின கையோடு, "உள்பக்கத்தைக் காட்டு பிள்ளை" என்று புரட்டுவார். முடிச்சு, வால் நூல், சிக்கல் எல்லாம் அங்கேதான் இருக்கும். இன்னொரு பிடிவாதமும் அவருக்கு இருந்தது. தைப்பதற்கு முன் உள்பக்கத்தில் தையல் போகும் கோட்டைப் பென்சிலால் கீறியிருக்க வேண்டும். கீறாமல் தைத்தால், எத்தனை நேராக இருந்தாலும் பிரிக்கச் சொல்லுவார். அது அநியாயம் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

2023 தையில் பேஸ்மன்ரில் தண்ணீர்க் குழாய் கசிந்தது. சாமான்களை மேலே ஏற்றும்போது அந்தப் பெட்டி கவிழ்ந்தது. சதுரங்கள் நிலத்தில் கொட்டின, அநேகமாக எல்லாமே உள்பக்கம் மேலாக. பொறுக்கக் குனிந்தவள் அங்கேயே சப்பாணி கட்டி இருந்துவிட்டேன்.

பென்சில் கோடுகள். பத்தொன்பதில் ஏழில் இருந்தன. லண்டன்காரியின் கோணல் கபினில்கூட ஒவ்வொரு பட்டிக்கும் கீறியிருந்தாள். கீறிய கோட்டிலேதான் மெசின் ஓடவில்லை. பாரிஸ்காரி தையலை மூன்று இடத்தில் பிரித்துத் திரும்பத் தைத்திருக்கிறாள், ஊசி ஓட்டைகள் தெரிந்தன. கிளிநொச்சியிலிருந்து ஆள்வசம் வந்த சதுரம் முழுக்கக் கைத்தையல். மெசின் இல்லாத வீடு. மயிரிழை பிசகாத பின்தையல், நாலு ஓரமும் கால் அங்குலத்துக்குக் கோடு, அளவு 12½. வகுப்பில் என்னைவிடக் குறைவாக மார்க் வாங்கினவள் அவள். மூன்று வருடத்துக்கு முன் இவற்றை மேசையில் முகம் மேலாக வரிசையாய்ப் போட்டு அளவுகோலோடு நின்றேனே தவிர, ஒன்றையாவது புரட்டிப் பார்க்கவில்லை.

அன்று தைக்கத் தொடங்கினேன் என்று எழுதினால் பொய். அன்று பொபினில் நூல் சுற்றினேன், அவ்வளவுதான். மறுநாள் மெசினுக்கு எண்ணெய் விட்டேன். தேனீர் ஆறும் நேரத்துக்குள் முடிகிற வேலை எதுவோ அதை மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்டேன். நூலகத்தில் அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்களின் குவில்ற் படங்களைப் பார்த்தது இந்த நாட்களில்தான். வயலுக்குப் போட்டுத் தேய்ந்த காற்சட்டைகளை வெட்டித் தைத்தவர்கள். கோடு வளையும், சதுரம் சரியும். அவை 2002இல் ஹூஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரேறின. ரீச்சர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது, புரட்டிப் பார்த்திருப்பார் என்பது நிச்சயம்.

அளவு பிழைத்த சதுரங்களுக்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் சுற்றி 2½ அங்குல அகலத்தில் வெள்ளைப் பட்டி வைத்துத் தைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவாக 14½க்கு வெட்டிவிட வேண்டும். சின்னதுக்கு அகலச் சட்டம், பெரியதுக்கு ஒடுக்கச் சட்டம். நோர்வேக்காரிக்கு ஓரத்தில் ஒடுக்கமாகத்தான் வெள்ளை மிஞ்சியது. பட்டிகளை நூல் அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக மெசினுக்குள் விட்டேன். கோயில் தோரணம் போலத் தொங்கின. இடையிலும் சுற்றிவரவும் இரண்டு அங்குலப் பச்சைக் கரை. நாலு வரிசை நீட்டுக்கு ஐந்து, மொத்தம் இருபது, 66க்கு 82 அங்குலம்.

இருபதாவது என்னுடையது. எல்லாரையும் தைக்கச் சொன்ன நான் என் சதுரத்தைத் தைத்திருக்கவே இல்லை, அதுவும் அப்போதுதான் உறைத்தது. சீருடை வெள்ளையிலும் எங்கள் பள்ளிக்கூட இல்லப் பச்சையிலும் ஒன்பது துண்டு, ஒவ்வொன்றும் 4½. கோலங்களில் இதைவிட எளியது இல்லை, பழகுபவர்கள் முதலில் தைப்பது. பென்சில் கீறவில்லை. தைத்து, அழுத்தி, அளவுகோலை வைத்தேன். 12¼. தையல் ஒவ்வொன்றிலும் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம், கூடப் போயிருக்கிறது. இரண்டு துண்டிலும் சேர்த்தால் அரைக்கால் (எட்டில் ஒன்று), இரண்டு தையலுக்குக் கால் அங்குலம். பிரிக்க எடுத்த கத்தியைத் திரும்ப வைத்துவிட்டு அதற்கும் வெள்ளைச் சட்டம் போட்டேன். கீழ் வரிசையில் வலக்கை மூலையில் இருக்கிறது.

பஞ்சும் அடித்துணியும் வைத்தால் உள்பக்கம் மூடிவிடும் என்பதால் அதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். நல்ல ஏச்சு விழுந்தது. "என்ர முடிச்செல்லாம் ஊருக்குக் காட்டினனீ, விளங்குவியோ?" என்று பாரிஸில் இருந்து குரல் செய்தி. அதற்குப் பிறகு நடுச்சாமம் மட்டும் ஒருவரும் நித்திரைக்குப் போகவில்லை.

இந்த வருட இராவிருந்தில் மண்டப வாசல் மேசையில் குவில்ற் விரித்திருக்கும். சீட்டு எடுக்க மறவாதேயுங்கோ. விழுகிறவர் அதைக் குளிர்தண்ணீரில், தனியாகத் தோய்க்க வேண்டும். சிட்னிச் சிவப்பு இன்னும் சாயம் விடுகிறது.