டெபிட், கிரெடிட்: கொப்பிக் கணக்கை மென்பொருளுக்கு மாற்றும்போது

யாழ்ப்பாணத்தில் ஒரு ஹாட்வெயார் கடையோ புடைவைக் கடையோ கொப்பியை விட்டு குயிக்புக்ஸ், டாலி போன்ற மென்பொருளுக்கு மாறினால், முதல் மாதமே இந்தக் கேள்வி வரும்: "பாங்க் ஸ்டேட்மெண்டில கிரெடிட் எண்டு கிடக்கு, இதில டெபிட் எண்டு காட்டுது. எது பிழை?"

இரண்டும் சரி. ஸ்டேட்மெண்ட் என்பது வங்கி தன் ஏட்டில் எழுதிய கணக்கு. நீங்கள் போட்ட காசு வங்கிக்குப் பொறுப்பு, அதாவது திருப்பித் தரவேண்டிய கடன். பொறுப்பு கூடினால் கிரெடிட். அதே காசு உங்கள் ஏட்டில் சொத்து. சொத்து கூடினால் டெபிட். கணக்கு ஓடியில் போனால், அதாவது மீதிக்கு மேல் காசு எடுத்திருந்தால், உங்கள் ஏட்டில் வங்கி மீதி கிரெடிட்டாக நிற்கும், அவர்கள் ஏட்டில் டெபிட்டாக.

மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: சொத்தும் செலவும் கூடினால் டெபிட், பொறுப்பு, மூலதனம், வருமானம் கூடினால் கிரெடிட், குறைந்தால் எதிர்ப்பக்கம். காசு வந்தால் நல்லது, போனால் கெட்டது என்ற கண்ணோடு இந்தச் சொற்களைப் பார்த்தால் கடைசிவரை குழப்பம்தான்.

ஒவ்வொரு பதிவுக்கும் டெபிட், கிரெடிட் என்று இரண்டு பக்கம் உண்டு. மென்பொருள் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் உங்களிடம் கேட்கும். மறுபக்கத்தைத் தானே போட்டுவிடும். அந்த மறுபக்கத்தைப் பார்க்கப் பழகுவதுதான் பாதி வேலை. குயிக்புக்ஸில் பில்லைத் திறந்து 'ட்ரான்ஸாக்ஷன் ஜேர்னல்' அழுத்தினால் இரண்டு பக்கமும் தெரியும். டாலியில் பேமெண்ட் வவுச்சரை 'டபிள் என்ட்ரி' முறைக்கு மாற்றலாம். குனூகேஷ் என்ற மென்பொருளில் நிரல்களுக்கு மேல் வேறு பெயர்கள் இருக்கும். விருப்பத்தேர்வுகளில் முறையான கணக்கியல் பெயர்களைக் காட்டச் சொன்னால் டெபிட், கிரெடிட் என்றே வரும்.

ஆரம்ப மீதியில் அவசரப்படக் கூடாது. வருமான வரிக்கான ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குவதால் அந்தத் திகதியிலேயே தொடங்குவது வசதி. உதாரணமாக லாச்சிக் காசு 85,000 ரூபா, வங்கி 412,000, சரக்கு 2,350,000, வரவேண்டிய கடன் 640,000: டெபிட் மொத்தம் 3,487,000. கொழும்பு மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது 1,120,000, வங்கிக் கடன் 500,000. மிச்சம் 1,867,000 முதலாளியின் மூலதனம், கிரெடிட். குயிக்புக்ஸ் இந்த வித்தியாசத்தை 'ஓப்பனிங் பலன்ஸ் ஈக்விட்டி' என்ற கணக்கில் போட்டு வைக்கும். எல்லாம் பதிந்து முடிந்ததும் அதை மூலதனத்துக்கு மாற்றிப் பூச்சியமாக்க வேண்டும். டாலி, ஐந்தொகையிலேயே (பலன்ஸ் ஷீட்) ஆரம்ப மீதி வித்தியாசம் என்று ஒரு வரி காட்டும். அந்த வரி நின்றால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. கடைக்குக் கடன் தரவேண்டியவர்களை ஒரே தொகையாகப் போடாமல் ஆள் ஆளாகப் போடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பிறகு யாருடைய காசு வந்தது என்று தேட வேண்டியிராது.

அடுத்தது விற்பனை. வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ள கடை 100,000 ரூபா சாமானைக் கடனுக்கு விற்றால், 18 சதவீத வரியோடு வாடிக்கையாளர் கணக்கில் 118,000 டெபிட். விற்பனை 100,000 கிரெடிட், வற் 18,000 கிரெடிட். வரி வருமானமல்ல, அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு. சரக்கையும் மென்பொருளே பார்க்கிறதென்றால் அடக்க விலை, உதாரணத்துக்கு 82,000, விற்பனைச் செலவில் டெபிட், சரக்கில் கிரெடிட் என்று இன்னொரு சோடியும் ஓடும்.

பிறகு அந்த ஆள் 50,000 கொண்டுவந்து தருவார். இங்கேதான் பிழை மலிந்து கிடக்கிறது. அதைப் புதிய விற்பனையாகவோ, வங்கி ஸ்டேட்மெண்டில் உள்ள வரியைப் பார்த்து 'விற்பனை' என்றோ பதிந்தால் அந்த விற்பனை இரண்டு தரம் ஏறும், அவருடைய கடன் குறையாமல் அப்படியே நிற்கும். சரியான பதிவு காசு டெபிட், வாடிக்கையாளர் கிரெடிட். 'ரிசீவ் பேமெண்ட்' வழியாகப் போய் எந்தப் பில்லுக்கு என்று தெரிவு செய்ய வேண்டும்.

பின்திகதியிட்ட செக்கை வாங்கிய அன்றே வங்கியில் பதிந்தால், இல்லாத காசை நம்பி இன்னொருவருக்குச் செக் எழுத நேரும். 'கையிலுள்ள செக்' என்று ஒரு நடைமுறைச் சொத்துக் கணக்கு திறந்து அதில் டெபிட் போடுங்கள், வாடிக்கையாளருக்குக் கிரெடிட். வைப்பிட்ட அன்று வங்கி டெபிட், கையிலுள்ள செக் கிரெடிட். செக் திரும்பினால் பழைய பதிவை அழிக்க வேண்டாம். ஸ்டேட்மெண்டில் காசு உள்ளே வந்ததும் வெளியே போனதும் இரண்டு வரியாக இருக்கும். ஒன்றை அழித்தால் வங்கி இணக்கம் (ஸ்டேட்மெண்டையும் உங்கள் ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது) பொருந்தாது. புதிதாக வாடிக்கையாளர் டெபிட், வங்கி கிரெடிட். வங்கி வெட்டிய கட்டணம் தனிப் பதிவு.

எங்கள் ஊர்க் கடைகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கனடாவில் இருக்கும் தம்பி பத்து இலட்சம் அனுப்புவார், அல்லது வீட்டு நகையை அடகு வைத்து சரக்கு எடுப்பார்கள். வங்கியில் வந்ததெல்லாம் வருமானம் என்று பதிந்துவிட்டால் இல்லாத இலாபத்துக்கு வரி பேச வேண்டி வரும். திருப்பிக் கொடுக்க வேண்டிய காசென்றால் கடன் கணக்கில் கிரெடிட், இல்லையென்றால் மூலதனத்தில் கிரெடிட். எது என்பதை மென்பொருள் சொல்லாது, தம்பியைத்தான் கேட்க வேண்டும். லாச்சியிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்த 5,000 இதற்கு எதிர்மாறு: கடைச் செலவல்ல, எடுப்பனவில் (முதலாளி தனக்காக எடுத்த காசின் கணக்கு) டெபிட்.

சம்பளத்தைக் கையில் கொடுத்த தொகையாக மட்டும் பதிவது வழக்கமாகிவிட்டது. 50,000 சம்பளத்துக்கு ஊழியரின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 சதவீதம் 4,000, முதலாளியின் 12 சதவீதம் 6,000, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் 1,500. டெபிட் பக்கம் சம்பளம் 50,000, முதலாளி பங்கு 6,000, ஈடிஎஃப் 1,500. கிரெடிட் பக்கம் காசு 46,000, கட்டவேண்டிய ஈபிஎஃப் 10,000, கட்டவேண்டிய ஈடிஎஃப் 1,500. இரண்டும் 57,500. அடுத்த மாதம் கட்டும்போது அந்தப் பொறுப்புகளை டெபிட் செய்ய வேண்டும். திரும்பவும் செலவில் போட்டால் ஒரே செலவு இரண்டு தரம் ஏறும். கடன் தவணையும் இப்படியே: 25,000 இல் வட்டி 6,200 என்றால் அது மட்டும் செலவு, 18,800 கடனைக் குறைக்கும் டெபிட்.

பரீட்சை மீதி (எல்லாக் கணக்குகளின் டெபிட், கிரெடிட் மீதிப் பட்டியல்) சமப்பட்டதைக் கண்டு நிம்மதி அடைய வேண்டாம். ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தால் மென்பொருள் சேமிக்கவே விடாது. ஆகவே அது எப்போதும் சமப்படும், பிழையான கணக்கில் போட்டிருந்தாலும். மாத முடிவில் பக்கம் மாறி நிற்கும் மீதிகளைத் தேடுங்கள். காசுக் கணக்கு கிரெடிட் மீதியா? இல்லாத காசைச் செலவழிக்க முடியாது. பெரும்பாலும் ஏதோ ஒரு வரவு பதியப்படவில்லை. வாடிக்கையாளர் கிரெடிட் மீதியென்றால் முற்பணம் தந்திருக்கிறார், அல்லது இன்னொருவர் காசு அவர் பெயரில் ஏறியிருக்கிறது. மொத்த வியாபாரி டெபிட் மீதியென்றால் பெரும்பாலும் காசு கொடுத்தாயிற்று, சாமான் வந்த பில் இன்னும் பதியவில்லை. லொறியில் வந்த பில் எங்காவது மேசைக்கடியில் கிடக்கும். குயிக்புக்ஸில் 'அன்டெபொசிட்டட் ஃபண்ட்ஸ்' (வாங்கியும் இன்னும் வங்கியில் போடாத காசு) மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் வைப்பை அதிலிருந்து எடுக்காமல் நேரே விற்பனையில் போட்டிருக்கிறார்கள்.

வங்கி இணக்கம் முடிந்த மாதத்தை முடிவுத் திகதி போட்டு, கடவுச்சொல்லுடன் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கடைப் பெடியன் பழைய பில் ஒன்றைத் திருத்துவான், கட்டி முடித்த வற் தொகை மாறி நிற்கும்.