மணப்பாட்டுக் குன்றில் விசுவாசப் பிரமாணத்தின் முதல் வரி

திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்று, குலசேகரன்பட்டினத்தைக் கடந்தால் வருவது மணப்பாடு. கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின் மேல் அவ்வூரின் திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. புயலில் பாய்மரம் முறிந்து தத்தளித்த போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், உயிரோடு கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்றும், 1540ஆம் ஆண்டளவில் இக்குன்றில் அதை நாட்டினார் என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கோயில் 1581இல் எழுந்தது என்பதும் அவர்கள் மரபு. செப்டம்பர் 14ஆம் நாள் மகிமைத் திருவிழாவின்போது இங்கு நிற்க இடம் கிடைக்காது. நான் சென்றது திருவிழாக் காலமன்று. ஆகவே அவசரமின்றி மன்றாடவும் சுற்றிப் பார்க்கவும் முடிந்தது.

குன்றின் கடற்புறச் சரிவில் இறங்கினால் மறைபரப்ப வந்த ஐரோப்பியக் குருவான புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை உள்ளது. அவர் 1542இல் முத்துக்குளித்துறை எனப்படும் இக்கடற்கரைக்கு வந்தவர். 1544இல் மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. இக்கரையின் மீனவர்களான பரதவ மக்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் மறைக்கல்வி தருவதற்கு அவர்களிடம் யாரும் இருக்கவில்லை. தமிழ் அறியாத சவேரியார், இரு மொழியும் தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் செபமாகிய விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவையும் சொல்லி, ‘இதை விசுவசிக்கிறீர்களா?’ என்று கேட்பார் என்றும், மக்கள் மார்பின்மேல் கைகளைச் சிலுவைபோல் வைத்து, ஒரே குரலில் ‘ஆம்’ என்பார்கள் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கேள்விகளில் முதலாவது, வானத்தையும் பூமியையும் படைத்தவரைப் பற்றியது. குகைக்குள் முழந்தாளிட்டபோது வேறு செபம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பாட்டிமார் சொன்ன பழைய வடிவிலேயே, ‘பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த எல்லாம் வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன்’ என்று தொடங்கினேன்.

வரும் வழியில் கடந்த குலசேகரன்பட்டினம், முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பெயர் பெற்றது. அதன் அருகில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் ராக்கெட் இலங்கையின் மேல் செல்லாதவாறு வளைந்து போக வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. இங்கிருந்தோ தெற்கே நேராகத் திறந்த கடல்தான். சவேரியார் மணியடித்துச் சென்ற கரைக்குப் பக்கத்திலேயே இப்படியொரு தளம் அமைவதைக் கண்டு, இனி அந்த முதல் வரிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. விண்வெளியை அறிய அறியப் படைத்தவருக்கு இடம் குறைந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

அவர்களுக்கு விடையாக நான் நினைத்துக்கொள்வது பெல்ஜிய நாட்டுக் குருவான ஜார்ஜ் லமேத்ரை. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது என்று 1927இல் எழுதியவர் அவர். அதன் தொடக்கநிலையை ஆதி அணு என்று 1931இல் விவரித்தவரும் அவரே. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் காணும் இந்தத் தொடக்கத்தைப் படைப்பின் சான்றாக எடுத்துப் பேசியபோது, மகிழ வேண்டிய லமேத்ர் மகிழவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்குப் புறத்தே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவருடைய தயக்கம் விசுவாசக் குறைவால் வந்ததன்று என்றே நான் கருதுகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இறையியலாளரான புனித தாமஸ் அக்குவினாஸ், உலகுக்குத் தொடக்கம் உண்டென்று பகுத்தறிவால் மட்டும் நிறுவ முடியாது என்றும், தொடக்கமே இல்லாத உலகாக இருந்தாலும் அது கடவுளைச் சார்ந்தே இருக்கும் என்றும் விளக்கியிருக்கிறார். படகு, அதைச் செய்த தச்சர் மறைந்த பின்னும் கடலில் ஓடும். படைப்போ பாடுகிறவர் நிறுத்தினால் அக்கணமே நின்றுபோகும் பாட்டைப் போன்றது. ஆகவே ‘படைத்த’ என்று இறந்தகாலத்தில் சொல்லும்போதும், இந்த மணலும் அலையும் இந்த நொடியில் இருப்பதற்கு அவரே காரணம் என்பதைத்தான் நாம் அறிக்கையிடுகிறோம்.

இந்தச் சிந்தனை இதமானது. ஆனால் மீனவர் ஊரில் அதோடு நின்றுவிட முடியாது. படைப்பின் அழகைக் கண்டு இறைவனைப் புகழ்வது, கரையில் நின்று பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுகிற என் போன்றவர்களுக்கு எளிது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் கரை திரும்பவில்லை. அவர்களில் மிகுதியானோர் இதே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள். கடலைப் படைத்தவர் ஏன் அதை அடக்கவில்லை என்ற கேள்வியைத் திருவிவிலியம் ஒளிக்கவில்லை. யோபு நூலில் கடவுள் புயலினின்று பேசி, கடலைக் கதவிட்டு அடைத்து அதற்கு எல்லை குறித்தவர் யார் என்று கேட்கிறார். பிள்ளைகளை இழந்த யோபுக்கு, அவர்கள் ஏன் இறந்தார்கள் என்ற காரணம் அங்கும் சொல்லப்படவில்லை. அந்த அதிகாரங்களை நான் விரும்பிப் படித்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குகையிலிருந்து மேலேறிக் கோயிலுக்குள் மீண்டும் சென்றேன். இங்கே வணங்கப்படுவது சிலுவை. அனைத்தும் வாக்கினால் உண்டாயின என்று யோவான் நற்செய்தி தொடங்குகிறது. அந்த வாக்கானவரே இயேசு கிறிஸ்து என்னும் மனிதராகிச் சிலுவை மரத்தில் அறையுண்டார் என்று அதே நற்செய்தி பின்னர் உரைக்கிறது. யோபுக்குக் கிடைக்காத காரணத்தை இதுவும் தருவதில்லை. எனினும் கடலுக்கு எல்லை குறித்தவர், துன்புற்று இறப்பது எப்படி என்பதைத் தம் உடலிலேயே அறிந்தவர் என்கிறது. முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி வணங்கிய ஊருக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குகையில் தொடங்கிய பிரமாணத்தை அங்கே, கிறிஸ்துவின் துன்பத்தைச் சொல்லும் ‘போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு’ என்பதையும் சேர்த்து, இறுதிவரை சொன்னேன்.