மாமாவுக்குக் கோபம், தம்பிக்குக் கண்ணீர்

நேற்றிரவு ஹட்டனில் விடாத மழை. மாமா, தம்பி, நான் மூவருமாக 'பொஹீமியன் ராப்சடி' பார்த்தோம். குயின் என்ற பிரித்தானிய ரொக் இசைக்குழுவின் கதை, 2018இல் வந்த படம். முடிவதற்குள் வீட்டில் சண்டை.

மாமா பழைய ரசிகர். பென்சிலால் சுற்றிச் சுற்றியே கசட்டைத் தேய்த்தவர். "லைவ் எய்டு நிதிக் கச்சேரிக்கு முன் குழு பிரிந்ததாம்! 1984இல் இசைத்தட்டு வெளியிட்டவர்கள் எப்போது பிரிந்தார்கள்?" என்று பிளேன்டீக் கோப்பையை நங்கென்று வைத்தார். குழுவின் பாடகர் பிரெடி மெர்குரி தன் எய்ட்ஸ் நோயை அறிந்த காலத்தையும் அந்த 1985 கச்சேரிக்கு முன்னால் இழுத்துவிட்டார்கள். அதில் நான் மாமா பக்கம். ஒரு மனிதனின் நோயைக் கச்சேரிக்குச் சுவை கூட்டவா எடுப்பது?

தம்பிக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. வெம்பிளி அரங்கில் அந்தக் கச்சேரி நடக்கும் காட்சியில் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். பிரெடியாக நடித்த ராமி மாலெக்குக்கு ஒஸ்கார் சும்மாவா கொடுத்தார்கள் என்கிறான்.

என் குறை வேறு. ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன் பிரெடி படித்தது இந்தியாவின் பஞ்சகனியில். அதுவும் நம் ஊர் போல மலையூர்தான். அந்த விடுதிப் பள்ளி நாட்களை ஒரு காட்சியிலாவது காட்டியிருக்கலாம்.

மாமா காலையிலிருந்து பழைய கசட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். போட்டுக் கேட்க வீட்டில் பெட்டி இல்லை.